1974 ஜீப் பிக்கப்: ஒற்றை மாஸ்டர் சிலிண்டரை மாற்றி டேண்டம் போடுவதா, முன்னால் டிஸ்க் போடுவதா?

நத்தம்ரோடு

வணக்கம். வண்டி 1974 மகிந்திரா ஜீப், நீள சேஸ், பின்னால் பிக்கப் பாடி. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியது. பிரேக் மட்டும் அன்று வந்தபடியே இருக்கிறது: நாலு வீலும் டிரம், டிரைவர் காலுக்குக் கீழே சேஸ் ஓரமாக ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் (மிதித்தால் வீல்களுக்குப் பிரேக் ஆயிலைத் தள்ளுவது), மிதிக்குத் துணை செய்யும் பூஸ்டர் இல்லை. மாம்பழ சீசனில் நத்தத்திலிருந்து மதுரைக்கு 600, 700 கிலோ ஏறும். சில நாள் சிறுமலை ஏறி இறங்கும்.

இப்போது மூணு தொந்தரவு. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. விட்டு உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது. அழுத்திப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மலை இறங்கி வந்து பார்த்தால் முன் வலது டிரம் மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு.

முன்னால் டிஸ்க், பூஸ்டர், டேண்டம் (ரெண்டு அறை உள்ள) மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை. எதை முதலில் செய்வது? எதற்குச் செலவு செய்வது வீண்?

ஆனைமலை

தம்பி, டிஸ்க் வாங்கும் முன்னால் இப்போது இருக்கிற பிரேக் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். மூணு குறையும் மூணு இடத்தைக் காட்டுகின்றன. இதைச் சரி செய்யாமல் புதுச் சாமான் போட்டால் அதே குறை புதுச் சாமானோடு ஓடும்.

முதல் மிதி இறங்கி ரெண்டாம் மிதி நிற்கிறது என்றால், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூவை முழுசாக இழுக்கும் முன் ரெண்டாம் மிதி வந்துவிடுவதால் அது நிற்கிறது. ஆயில் முழுசாகத் திரும்பாமல் மாஸ்டருக்குள் தடுக்கும் செக் வால்வு தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி காட்டும். ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், எத்தனை தடவை மிதித்தாலும் அடியில் கட்டையாக நிற்காது. அது வேறு, இது வேறு.

வலது முன் டிரம் சூடு, ஆனால் இழுப்பது இடப்பக்கம். வலது முன் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதியிருந்தால் இப்படித்தான் வரும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள் சுவர் வீங்கி ஊசித் துவாரம்தான் பாக்கி இருக்கும். மிதிக்கும்போது வலதுக்கு ஆயில் தாமதமாகப் போகிறது, அதனால் இடது முந்திப் பிடிக்கிறது, வண்டி இடது இழுக்கிறது. காலை எடுத்தபின் அதே துவாரம் ஆயிலைத் திரும்ப விடுவதில்லை, வலது ஷூ உரசிக்கொண்டே ஓடுகிறது, சூடேறுகிறது.

சோதனை சுலபம். ஜாக்கி போட்டு முன் வலது வீலைத் தூக்குங்கள். ரெண்டு தடவை அழுத்தி மிதித்து விட்டுவிட்டு வீலைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், ஹோஸ் ஸ்டீல் பைப்போடு சேரும் இடத்தில் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வீல் விட்டுவிட்டால் குறை மாஸ்டர் பக்கம். விடவில்லை என்றால் அடுத்து வீலில் இருக்கும் பிளீடரை (ஏர் எடுக்கும் திருகை) திறங்கள். அங்கே விட்டால் ஹோஸ்தான். அங்கேயும் விடவில்லை என்றால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து நிற்கிறது, அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் செத்துவிட்டது.

நத்தம்ரோடு

பார்த்தாச்சு அண்ணே. பைப் நட்டைத் தளர்த்தினப்ப விடலை. பிளீடரைத் திறந்ததும் சர்ருனு கொஞ்சம் ஆயில் பீச்சிட்டு வீல் லேசாச் சுத்துச்சு. ஹோஸ்தான்.

ஆனைமலை

அப்போ மூணு ஹோஸையும் மாற்றிவிடுங்கள். முன் ரெண்டு, பின் ஆக்சிலுக்குப் போகிற ஒன்று. ஒன்று உள்ளே வீங்கியிருந்தால் அதே வயதுள்ள மற்ற ரெண்டும் பின்னாலேயே வரும். பழைய ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சதை பிதுங்கி நிற்பது தெரியும்.

கப்பலூர் லேத்

டிரம் கழற்றியபின் மட்டும் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதை இப்போதே முடித்துவிடுங்கள்.

டிரம்மில் நீலப் புள்ளிகள் தெரிகிறதா, விரல் நகம் தடுக்கும் கோடு இருக்கிறதா, உதடு மாதிரி விளிம்பு நிற்கிறதா என்று பாருங்கள். உள்விட்டத்தை நாலு இடத்தில் அளந்து பாருங்கள். ஓவலாக இருந்தால் பெடல் காலடியில் துடிக்கும். கடைசல் கொடுக்கலாம். ஆனால் மொத்த விட்டத்தில் 1.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் சுவர் மெலிந்து, சூட்டில் விரிந்து, மலையில் பெடல் இறங்கும். ஒரே ஆக்சிலின் ரெண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். இடது 1 மி.மீ., வலது சும்மா என்று விட்டால் மறுபடி ஒரு பக்கம் இழுக்கும்.

டிரம் கடைந்தபின் பழைய ஷூ அப்படியே பொருந்தாது. ஷூ மேல் இருக்கும் உரசும் பட்டையான லைனிங்கின் வளைவு சின்ன விட்டத்துக்கு ஏற்றது, டிரம் பெரிதாகிவிட்டது, நடுவில் மட்டும்தான் தொடும். டிரம் உள்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, ஷூவை வைத்து லேசாக ஆட்டி எடுத்துப் பாருங்கள். வெள்ளை நடுவில் ஒரு பட்டையாக மட்டும் ஒட்டினால் லைனிங்கைக் கடைந்து வளைவு சேர்க்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் வெள்ளை பரவினால் போதும், மீதி ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

ரிவெட் அடிக்கும்போது நடுவிலிருந்து ரெண்டு முனைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டே போனால் லைனிங்குக்கும் ஷூவுக்கும் நடுவில் காகிதம் நுழைகிற இடைவெளி நின்றுவிடும். அந்த இடம் சூட்டில் வெடிக்கும்.

பழைய லைனிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பின் வீலில் கியர் ஆயில் ஏறி லைனிங் நனைந்திருந்தால் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ திரும்பப் போடாதீர்கள். சூடேறினால் உள்ளே இருக்கும் ஆயில் திரும்ப வெளியே வரும். சீலை மட்டும் மாற்றினாலும் போதாது. பின் ஆக்சில் மேலே பிரீதர் இருக்கும். அது மண் அடைத்திருந்தால் ஆக்சில் சூடாகும்போது உள்காற்று போக வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போகிற வண்டிகளில் பாதிக்கு அந்தச் சின்ன மூடிதான் காரணம்.

அட்ஜஸ்ட்மென்ட்: பழைய வில்லிஸ் அமைப்பில் கீழே ஷூவின் அடியைப் பிடிக்கும் ரெண்டு ஆங்கர் பின், மேலே ஷூவைத் தள்ளி வைக்கும் ரெண்டு கேம். கையேட்டுக் கணக்கு, ஆங்கர் பக்கம் 0.005 அங்குலம், மேல் முனையில் 0.008 அங்குலம். மி.மீ.யில் 0.13, 0.20. டிரம்மில் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடும் துளை இருந்தால் அதன் வழியாக அளக்கலாம். இல்லையென்றால் உரசும்வரை இறுக்கி, வீல் லேசாகச் சுற்றும்வரை தளர்த்துங்கள். மேல் கேமை மட்டும் திருகிவிட்டு ஆங்கரைத் தொடாமல் விடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஷூவின் தலை மட்டும் பிடிக்கும், அடி சும்மா நிற்கும்.

சிறுமலை 18

இதெல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் 18 கொண்டை ஊசி இறங்குகிற வண்டிக்கு டிரம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் சூடு ஒரு பிரச்சினைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமையோடு 2,000 கிலோ வண்டி கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்குகிறது என்றால் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,800 மீட்டர். விடுகிற ஆற்றல் சுமார் 35 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. அதில் எஞ்சின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அது போக மீதி முழுவதும் டிரம்மில்தான் இறங்குகிறது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இறங்கும். டிஸ்க் சூட்டில் தடிக்கும், பேடை நெருங்கும். காற்றும் படும். மழையில் ஓடைத் தண்ணீர் தாண்டினாலும் ரெண்டே மிதியில் காய்ந்துவிடும். முன்னால் டிஸ்க் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனைமலை

சூட்டுக் கணக்கு சரி. ஆனாலும் வரிசையில் டிஸ்க் மூணாவதுதான் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஒற்றை மாஸ்டரில் நாலு வீலுக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு ஹோஸ் வெடித்தாலும், ஒரு வீல் சிலிண்டரின் கப் (ரப்பர் சீல்) புரண்டாலும், ஒரு பைப் சைலன்ஸரில் உரசி ஓட்டையானாலும் நாலு வீலும் போச்சு. முன்னால் எவ்வளவு நல்ல டிஸ்க் இருந்தாலும் அந்த ஒற்றைப் பாதையில்தான் தொங்குகிறது. டேண்டம் மாஸ்டரில் ஒரே குழாய்க்குள் ரெண்டு பிஸ்டன், ரெண்டு அறை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒன்று போனால் பெடல் தாழ இறங்கும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், ஆனால் நிற்கும். அந்த ஒரு குணத்துக்காகவே அதை முதலில் போடச் சொல்கிறேன்.

அடுத்தது அளவு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கையில் கிடைத்த மாஸ்டரைப் போட்டுவிட்டு, "பெடல் கட்டை மாதிரி இருக்கு, பிடிக்கலை" என்பார்கள், இல்லை "தரை வரை போகுது" என்பார்கள்.

கால் 30 கிலோ அழுத்துகிறது, பெடல் நெம்புகோல் விகிதம் 6 என்று வையுங்கள். மாஸ்டர் தண்டில் 180 கிலோ. 25.4 மி.மீ. போர் (மாஸ்டரின் உள்விட்டம்) என்றால் பரப்பு 5.07 ச.செ.மீ., அழுத்தம் ச.செ.மீ.க்கு 35.5 கிலோ. 22.2 மி.மீ. போர் என்றால் பரப்பு 3.87, அழுத்தம் 46.5 கிலோ. அதே காலுக்கு 30 சதவீதம் கூடுதல் பிடி. ஆனால் சும்மா வராது, பெடல் தூரம் அதே அளவு கூடும்.

உங்கள் வண்டியில் முன் வீல் சிலிண்டர் 1 அங்குலம், பின் வீல் சிலிண்டர் முக்கால் அங்குலம் என்று எடுத்துக்கொள்வோம். பழைய ஜீப்புக்குரிய அளவு அதுதான், ஆனால் அம்பது வருஷத்தில் யார் எதைப் போட்டிருப்பார்களோ, அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிஸ்டனும் 1 மி.மீ. நகர முன்னுக்கு 2 சி.சி., பின்னுக்கு 1.1 சி.சி. ஆயில் வேண்டும். 25.4 போரில் தண்டு 6.3 மி.மீ. நகரும், பெடல் 38 மி.மீ. 22.2 போரில் தண்டு 8.2, பெடல் 49. இப்போது ஷூ அட்ஜஸ்ட் பண்ணாமல் பிஸ்டன் 2 மி.மீ. நகர வேண்டியிருந்தால் இது இரட்டிப்பாகும்: 76, 98. முதல் மிதி பாதிக்கு மேல் இறங்குவது ஏன் என்று இந்தக் கணக்கிலேயே தெரியும். ஷூ சரியாக இருந்தால் 22.2 தாராளம். சரியில்லாமல் அதைப் போட்டால் பெடல் தரையைத் தொடும்.

மாஸ்டரை வாங்கும்போது எந்த வண்டியுடையது என்பதோடு நிற்காமல் போரை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். பல பாடியில் அளவு வார்ப்பிலேயே எழுதியிருக்கும். பழைய சாமான் வாங்குவதாக இருந்தால் பிஸ்டனை வெளியே எடுத்து, போருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் வழக்கமாக ஓடும் இடம் பளபளப்பாக இருக்கும். அதைத் தாண்டிய அடிப்பகுதியில் கரும்புள்ளிகளாகத் துரு தின்ற குழிகள் இருக்கும். புது கப் போட்டாலும் அந்தக் குழியில் உதடு கிழியும். குழி இருந்தால் வேண்டாம். அசல் மாஸ்டரையே காப்பாற்ற நினைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கலாம்.

நத்தம்ரோடு

டேண்டத்தைப் பழைய இடத்திலேயே, தளத்துக்குக் கீழே போடலாமா? இல்லை எஞ்சின் அறையில் முன்தகட்டில் ஏத்தணுமா?

ஆனைமலை

ரெண்டும் முடியும். கீழே போட்டால் பெடல் மாற்ற வேண்டாம், சேஸ் பிராக்கெட் ஒன்று செய்தால் போதும். ஆயில் டேங்க் கைக்கு எட்டாது, சேறு படும். அதற்குத் தனி டேங்கை மேலே வைத்து ரப்பர் குழாய் இறக்கலாம். அது பிரேக் ஆயிலுக்கான குழாயாக இருக்கணும், டீசல் குழாய் கூடாது.

முன்தகட்டில் ஏற்றினால் பூஸ்டருக்கு வசதி. ஆனால் ஜீப் முன்தகடு மெல்லிசு. அப்படியே போல்ட் போட்டால் மிதிக்கும்போது தகடு வளையும். பெடல் தூரத்தில் கால்வாசி அந்த வளைவிலேயே போய்விடும், ஏர் இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்க ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்பக்கம் 4 மி.மீ. தகடு வைத்து, பெடல் பிராக்கெட்டையும் பூஸ்டரையும் ஒரே தகட்டில் சேர்த்துக் கட்டுங்கள். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, தகட்டில் விரலை வைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் இன்னும் பலப்படுத்தணும்.

எங்கே போட்டாலும் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும். பூஸ்டர் இல்லாத அமைப்பில் பெடலில் 12 மி.மீ. போல சும்மா ஆடணும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது, டேங்குக்குத் திறக்கும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது. ஓட ஓட நாலு வீலும் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆறவிட்டால் சரியாகிவிடும், மறுபடி ஓட்டினால் மறுபடி பிடிக்கும். இந்தக் குறைக்கு ஷூவைக் குறை சொல்லிக் கழற்றி மாட்டுவது வீண் வேலை.

வைகைப்பாலம்

பைப் வேலை பற்றி யாரும் பேசவில்லை. உயிர் அதில்தான் இருக்கிறது.

பைப் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. இரட்டைச் சுவர் ஸ்டீல், அல்லது செம்பு நிக்கல் கலவை. ஃபிரிட்ஜ், ஏசிக்கு விற்கும் செம்புக் குழாயைப் பல பட்டறைகளில் போடுகிறார்கள். வளைக்க லகுவாக இருப்பதால் பிடித்துப்போகிறது. வேண்டவே வேண்டாம். செம்பு அதிர்வில் இறுகி, ஃபிளேர் (பைப் முனையை விரித்து அடித்த வாய்) கழுத்தில் தலைமுடி மாதிரி விரிசல் விடும். விரிசல் விட்ட அன்று வழக்கமான மிதியில் ஒன்றும் தெரியாது. அவசரத்தில் அழுத்தி மிதிக்கிற அன்றுதான் தெரியும்.

ஃபிளேர் ரெண்டு ஜாதி. பழைய ஜீப் சாமான் அங்குல மரை, 3/8 அங்குலம் 24 மரை, 45 டிகிரி இரட்டை ஃபிளேர். புது டேண்டம் மாஸ்டர் பெரும்பாலும் எம்10, 1 மி.மீ. மரை, குமிழ் ஃபிளேர். இதில்தான் ஆபத்து. அங்குல நட்டு 9.5 மி.மீ.; எம்10 துளைக்குள் தொளதொளவென்று ஏறி, ஏதோ இறுகின மாதிரியும் காட்டும். அழுத்தம் வந்ததும் மரையை உருவிக்கொண்டு வந்துவிடும். நட்டு கையாலேயே ஏழெட்டுச் சுற்று ஆடாமல் ஏறணும். ஆடினால் அது தப்பான நட்டு. ஒரே பைப்பில் ஒரு முனை அங்குல நட்டும் அங்குல ஃபிளேரும், மறுமுனை எம்10 நட்டும் குமிழும் போட்டுக்கொள்ளலாம். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டு ஃபிளேர் அடிக்கணும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஃபிளேர் அடிக்கும் முன் பைப் முனையை அரம் போட்டு நேராக்கி, உள்ளே வெளியே பிசிறு எடுங்கள். அடித்தபின் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டம் நடுவில் இருக்கணும், ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல் என்றால் வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். கசிகிற ஃபிளேரை இன்னும் இறுக்கி நிறுத்தலாம் என்று நினைத்தால் உட்காரும் இருக்கையும் கெடும். டெஃப்லான் டேப் சுற்றுவதும் தப்பு, மரை அங்கே சீல் இல்லை, ஃபிளேர்தான் சீல்.

மாஸ்டரிலிருந்து சேஸுக்கு இறங்கும் இடத்தில் பைப்பை ரெண்டு சுற்றுச் சுருளாக விடுங்கள். பாடியும் சேஸும் தனித்தனியாக ஆடும், சுருள் அதை வாங்கிக்கொள்ளும். 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். முன் ஹோஸை ஸ்டியரிங்கை ரெண்டு கோடிக்கும் திருப்பி, ஆக்சிலைத் தொங்கவிட்டுப் பார்த்தபின்தான் இறுக்கணும்.

டீசல் பம்ப்

பூஸ்டருக்கு வருவோம். பூஸ்டர் வேக்கத்தில் (காற்றை உறிஞ்சும் இழுப்பில்) வேலை செய்வது. பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலேயே வேக்கம் கிடைக்கும். உங்கள் வண்டி டீசல், த்ராட்டில் தகடு கிடையாது, மேனிஃபோல்டில் வேக்கம் இருக்காது. ஆகவே வேக்கம் பம்ப் கட்டாயம். ஜீப், பொலேரோ டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் முதுகிலேயே பம்ப் சேர்ந்து வரும் ரகம் சுலபமான வழி. அதற்கு எஞ்சின் ஆயில் உள்ளே வர ஒரு மெல்லிய குழாய், திரும்ப சம்புக்கு ஒரு தடித்த குழாய். திரும்பும் குழாய் மேடு பள்ளம் இல்லாமல் கீழ்நோக்கியே இறங்கணும். அது அடைத்தால் பம்ப் ஆயிலை வேக்கம் பக்கம் தள்ளி, பூஸ்டருக்குள் ஆயில் தேங்கி, டயாஃபிரம் ஊறிப் போய்விடும். பூஸ்டர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பம்பைப் பார்க்கணும்.

வேக்கம் ஹோஸ், தடித்த, வேக்கத்துக்கென்றே வருவதாக இருக்கணும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டு போட்டால் சூட்டில் சப்பிக்கொண்டு அடைத்துவிடும். நடுவில் ஒருவழி வால்வு, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

உதவி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 8 அங்குல டயாஃபிரம், 500 மி.மீ. வேக்கம் என்றால் ஏட்டளவில் 220 கிலோ. ஸ்பிரிங்கும் உராய்வும் கழித்தால் குறையும், ஆனாலும் முன்பு கால் மட்டும் தண்டில் தந்த 180-க்கு மேல் இது தனி. அதனால்தான் பூஸ்டர் போட்டால் பெடல் விகிதம் 6 தேவையில்லை, 4 போதும். 6-ஐ அப்படியே விட்டால் விரலால் தொட்டாலே வீல் பூட்டும்.

சோதனை: எஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து வேக்கத்தைக் காலி செய்யுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் ஒரு அங்குலம் போலத் தானாக இறங்கணும். இறங்கவில்லை என்றால் வேக்கம் வரவில்லை. பூஸ்டர் தண்டுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவில் அரை முதல் 1 மி.மீ. இடம். களிமண் உருண்டை வைத்து மாட்டிக் கழற்றினால் தடிமனை அளந்துவிடலாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால், ரெண்டு மூணு மிதியில் வேக்கம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். இறங்கும்போது எஞ்சின் ஓடணும், ஏறின கியரிலேயே இறங்கணும்.

சிறுமலை 18

டிஸ்க் போட்டால் பூஸ்டர் இல்லாமல் முடியாது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். டிரம்மில் முன் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே இறுகும். டிஸ்க்கில் அந்தச் சொந்த உதவி கிடையாது, அழுத்தத்தை மட்டும் நம்பியிருக்கிறது. ஆனைமலை அண்ணன் சொன்ன வரிசையை நான் இந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்: டேண்டம், பூஸ்டர், அப்புறம் டிஸ்க். டேண்டம் வாங்கும்போதே டிஸ்க்கை மனதில் வைத்து வாங்கிவிட்டால் பின்னால் மறுபடி செலவில்லை.

கப்பலூர் லேத்

டிஸ்க்கை இறுக்கும் காலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட் செய்யச் சொல்லி வரும் படங்களில் பாதி பயமுறுத்துகிறது. 6 மி.மீ. தகட்டை கேஸில் வெட்டி, எல் வடிவில் வெல்டு வைத்து வருவார்கள். ஒரு முன் வீலில் பிரேக் போடும்போது 600 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். டயர் பிடிப்பு 0.8, டயர் ஆரம் 37 செ.மீ., டிஸ்க் ஆரம் 12 செ.மீ. பிராக்கெட்டில் வருவது சுமார் ஒன்றரை டன். ஒவ்வொரு மிதிக்கும். வெல்டு அந்த இடத்தில் வேண்டாம். 12 மி.மீ. முழுத் தகட்டில் ஒரே துண்டாக மில்லிங் பண்ணுங்கள். நக்கிளில் (ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) வீல் அச்சான ஸ்பிண்டிலைப் பிடிக்கும் ஆறு போல்ட்டிலும் உட்காரணும், மூணில் மட்டும் தொங்கக் கூடாது. போல்ட் 8 கிரேடு அங்குல ரகம். பிராக்கெட் தடிமன் கூடியதால் நீளமும் கூடணும், மரை முழுசாக ஏறியிருக்கணும்.

டிஸ்க் மாட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள், ஆட்டம் 0.1 மி.மீ.க்குள். அதிகம் என்றால் டிஸ்க்கைக் கடையும் முன் ஹப் முகத்தில் துரு, பெயின்ட் இருக்கிறதா, பேரிங் தளர்வா என்று பாருங்கள். கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) ஆட்டம் இருந்தால் எந்த பிரேக் போட்டாலும் இழுக்கும். காலிப்பர் உள்பக்கம் ரிம்மைத் தொடாமல் 3 மி.மீ. இடம் இருக்கணும், பேலன்ஸ் எடை ஒட்டுகிற இடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடது காலிப்பரை வலதில் மாட்டினால் பிளீடர் கீழே வந்துவிடும். காற்று மேலே நிற்கும், எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் வராது. பிளீடர் எப்போதும் உச்சியில்.

ஆனைமலை

டிஸ்க் வந்தபின் வால்வு விஷயம் மாறுகிறது. டிரம் பாதையில் 10 பிஎஸ்ஐ மிச்ச அழுத்தம் நிற்கணும், அது கப் உதட்டை விரித்து வைத்துக் காற்று உள்ளே இழுக்காமல் காக்கும். அதே வால்வு டிஸ்க் பாதையில் இருந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். பழைய டிரம் மாஸ்டரில் இந்த வால்வு வாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும், தெரியாமல் டிஸ்க்கை அதில் இணைத்துவிட்டுக் காலிப்பரைக் குறை சொல்வார்கள். மாஸ்டர் தளத்துக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் டிஸ்க் பாதைக்கு 2 பிஎஸ்ஐ வால்வு. முன்தகட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

பிக்கப் என்பதால் இன்னொன்று. காலியாக ஓடும்போது பின்னால் எடை இல்லை, அழுத்தி மிதித்தால் பின் வீல் முதலில் பூட்டி வால் சுழலும். பின் பாதையில் மட்டும், முன் பாதையில் ஒருபோதும் இல்லாமல், அழுத்தத்தைக் குறைக்கும், திருகி வைக்கும் ப்ரொபோர்ஷனிங் வால்வு போடுங்கள். காலி வண்டியை ஆள் நடமாட்டம் இல்லாத காய்ந்த தார்த் தளத்தில் 40 வேகத்தில் சோதித்து, முன் வீல் முந்திப் பூட்டும் இடத்தில் நிறுத்துங்கள். சுமை ஏற்றியதும் பின் பிடி கொஞ்சம் குறைவாகத் தோன்றும். அது உங்களுக்குத் தொந்தரவு என்றால் ஆக்சிலோடு இணைந்த சுமை உணரும் வால்வுதான் வழி.

நத்தம்ரோடு

ரொம்ப நன்றி. ஆர்.டி.ஓ. பக்கம் இதுக்கு என்ன சொல்வாங்க? விண்டேஜ் பதிவு பண்ணலாம்னு ஒரு யோசனையும் இருக்கு.

வைகைப்பாலம்

விண்டேஜ் பிரிவு 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்தது. 50 வருஷம் தாண்டியிருக்கணும், அசல் உருவில் இருக்கணும். சேஸ், பாடி, எஞ்சின் மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் வண்டி எஞ்சின் மாறியது. தவிர விண்டேஜ் பதிவு வண்டியில் மாம்பழம் ஏற்றிப் பிழைக்க முடியாது, வழக்கமான ஓட்டத்துக்கே அனுமதி இல்லை. அதை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறான மாற்றங்களைப் பற்றியது. டீசல் எஞ்சின் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக் வேலை தொடங்கும் முன் எஃப்.சி. பார்க்கும் ஆய்வாளரிடம் படத்தோடு கேட்டுவிடுவது நல்லது. கழற்றிய அசல் மாஸ்டர், டிரம், பேக்பிளேட் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

டீசல் பம்ப்

ஏர் எடுக்கும் முறை, ஏனென்றால் கடைசியில் எல்லாம் இங்கே வந்துதான் கெடும்.

புது மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் படுக்கையாகப் பிடித்து, ரெண்டு வாயிலிருந்தும் குழாய் போட்டு டேங்குக்குள்ளேயே முக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். குமிழி நிற்கும்வரை. இதைச் செய்யாமல் மாட்டினால் மாஸ்டருக்குள் சிக்கும் காற்று வீல் பக்கம் வரவே வராது.

மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிளீடரில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் குழாய், மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்கியிருக்கணும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கால் சுற்றுத் திறந்து மூடணும். மூடிய பிறகே காலை எடுக்கணும். நாலு மிதிக்கு ஒரு தடவை டேங்கைப் பாருங்கள். பழைய மாஸ்டராக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் தரை வரை போனால் கப் அந்தத் துருக் குழிக்குள் இறங்கிக் கிழியும்.

மொத்தத்துக்கு 1 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டாட் 4 போதும், காய்ந்த கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155. டாட் 3 என்றால் 205, 140. மலைக்கு 4-ஏ நல்லது. டாட் 5 சிலிகான், அதைக் கலக்கக் கூடாது. மூடி திறந்து மாதக்கணக்கில் வைத்த டப்பாவை ஊற்ற வேண்டாம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தை அது குடித்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி ஊற்றினால்கூட எல்லா கப்பும் ஊதிப்போகும். ஊதின கப்பைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு வித்தியாசம் தெரியும். அப்படி நடந்திருந்தால் ஹோஸ், கப், டேங்க் ரப்பர் அனைத்தையும் மாற்றி, பைப்பையும் கழுவணும்.

நத்தம்ரோடு

அப்போ இந்த வாரம் ஹோஸ் மூணு, ஷூ, டிரம் கடைசல். அடுத்து டேண்டமும் பைப்பும். ஒரு சந்தேகம் மட்டும்: ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால இருக்கு, பின் வீலில் இல்லை. அதை ஏதாவது பண்ணணுமா?

கப்பலூர் லேத்

அதை விட்டுவிடுங்கள், அது தனிப் பாதையில் இருப்பது நல்லதே. ஆனால் ஓடும்போது இழுக்காதீர்கள். புரொபெல்லர் ஷாஃப்ட், யுனிவர்சல் ஜாயின்ட், கிரவுன் பினியன் வழியாகத்தான் அந்தப் பிடி வீலுக்குப் போகிறது. நிற்கும்போது மட்டும். ஒரு வீல் ஜாக்கியில் தூக்கியிருந்தால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பிடி நழுவும், மற்ற வீலுக்குக் கல் வைத்தே ஆகணும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பின் சீல் கசிந்து அந்தச் சின்ன டிரம்முக்குள் ஆயில் இறங்கியிருக்கிறதா என்று ஷூ வேலையோடு சேர்த்துத் திறந்து பாருங்கள்.

வைகைப்பாலம்

பைப் முடிந்ததும் எஞ்சின் ஓடும் நிலையில் ரெண்டு நிமிஷம் முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு நட்டையும் வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் காகிதத்தில் உடனே தெரியும், கண்ணுக்குத் தெரியாது. 20 வேகத்தில் பத்து தடவை, பிறகு 40-ல். திரும்பி வந்து மறுபடி காகிதம். 500 கி.மீ. ஓடியபின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் ஒரு தடவை, புது லைனிங் அதற்குள் உட்கார்ந்திருக்கும், பெடல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.